எண்ணூர்: கரி இறங்கும் துறையில் ஒரு தலைமுறை

ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டப்படும் நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கே கப்பலேறி, எண்ணூரில் இறங்குகிறது. அப்படி இறக்குவதற்கென்றே 2001-இல் இங்கே ஒரு துறைமுகம் திறக்கப்பட்டது. 2014 முதல் அதற்குக் காமராசர் பெயர். அதை ஒட்டி வடசென்னை அனல்மின் நிலையம்: தொண்ணூறுகளில் வந்த 630 மெகாவாட், 2013-14-இல் சேர்ந்த 1,200 மெகாவாட், 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட 800 மெகாவாட். சற்றுத் தள்ளி வல்லூரில் தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நடத்தும் 1,500 மெகாவாட். ஆக 4,130. இது போதாதென்று 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கட்டப்பட்டு வருகின்றன. இன்னொன்றுக்கு 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது.

இத்தனையும் ஓர் ஆற்றின் கழிமுகத்தைச் சுற்றி நிற்கின்றன. இந்த இடத்தில் காலநிலையின் பேரில் போராட வந்த இளைஞர்கள் யார், எதைச் சாதித்தார்கள், எங்கே முட்டி நிற்கிறார்கள் என்பதைத் தொகுத்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஓடியிருக்கின்றன; வரவு செலவு பார்க்க அது போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நிலக்கரியை நம்பிப் பிழைக்கும் ஊர் என்று எண்ணூரைச் சட்டென்று சொல்லிவிட முடியாது. சுரங்க ஊர் என்றால் அங்கே சம்பளம், வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாமே கரியிலிருந்து வரும். எண்ணூரில் மின்சாரம் கம்பியேறி வெளியே போகிறது. சாம்பல் மட்டும் ஊரில் தங்குகிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படை வீதி குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்களுக்குப் பிழைப்பு கொசஸ்தலை ஆற்றில். வெள்ளை இறால், கருப்பு இறால், பச்சைக்கல் நண்டு, மடவை என்று அந்த உப்பங்கழி கொடுத்ததை வைத்தே வீடு கட்டினார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் அதே ஆறுதான். கரியை நம்பியிருப்பது உண்மையில் இங்கிருந்து இருபது கிலோமீட்டர் தெற்கே இருக்கும் நகரம்.

ஆனால் மின்நிலையங்கள் வந்து ஒரு தலைமுறை கடந்தபோது வேறொரு சார்பும் முளைத்துவிட்டது. ஆற்றில் வரும்படி குறையக் குறைய, பையன்கள் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார்கள். கரி இறக்குவது, சாம்பல் லாரி ஓட்டுவது, துறைமுகத்தில் காவல், வெல்டிங் உதவியாள் என்று கிடைத்ததெல்லாம் அந்த வகை வேலைதான். பர்மனன்ட் என்ற சொல் இந்த ஊர்களில் இன்னும் ஒரு வாக்குறுதியாகவே இருக்கிறது. பக்கத்துக் காட்டுப்பள்ளியில் வேறொரு துறைமுகத்துக்காக இடம் பெயர்ந்தவர்கள் வேலை நிரந்தரம் கேட்டுப் போராடியது நாளிதழ்களில் வந்த செய்தி. அப்பா ஆற்றுக்குப் போவார், மகன் மின்நிலையத்தின் கேட் பாஸை வைத்திருப்பான்; ஒரே வீட்டுக்குள் இரண்டு பிழைப்பு, இரண்டு நியாயம். எண்ணூரின் இளைஞர் அரசியலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் பேரணியைப் பார்ப்பதற்கு முன் இந்த வீட்டைப் பார்க்க வேண்டும்.

சாம்பல் விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்குவரை சாம்பல். கரி எரிந்த பிறகு மிஞ்சுவதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆற்றின் மேல் போகின்றன. அவை பழசாகி ஒழுகின. ஒழுகியது வருடக்கணக்கில் ஆற்றின் அடியில் படிந்தது. ஆழம் குறைந்தது, வற்று நேரத்தில் படகு தரை தட்டியது, இறால் ஒதுங்கியது. நீராவியைக் குளிர்வித்து வெளியேறும் சுடுநீர் இன்னொரு பக்கம். அண்மைக் காலத்தில் ‘காக்கா ஆழி’ என்று மீனவர்கள் பெயர் வைத்திருக்கும் வெளிநாட்டு ஆழி வகை ஒன்று அடித்தரையில் பாய் விரித்ததுபோல் பரவி, இறால் மேயும் இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. கப்பல்களின் அடித்தண்ணீரோடு அது வந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து.

இதை எதிர்த்து முதலில் எழுந்தவர்கள் இளைஞர்கள் அல்லர். நகரத்து மாணவர்கள் இந்த ஊரின் பெயரைத் தெரிந்துகொள்வதற்கு வெகுகாலம் முன்பே மீனவர் சங்கங்கள் மனு எழுதிக்கொண்டிருந்தன. காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடுத்த வழக்குதான் சாம்பல் மாசைச் சட்டத்தின் முன் நிறுத்தியது. தீர்ப்பாயம் அமைத்த வல்லுநர் குழு ஆய்வு செய்தது. 2022 ஜூலையில் வந்த தீர்ப்பு மாசுக்கு மின்நிலையத்தைப் பொறுப்பாக்கி, ஈரநிலத்தை மீட்கவும் சொன்னது. வரைபடம் விஷயமும் இப்படித்தான். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் ஆறாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு கழிமுகமாக, கட்டடம் கட்டக் கூடாத இடமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னால் அதிகாரிகள் கையில் புழங்கிய வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணோம். ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, காகிதத்தில் மட்டும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய ஆவணங்களால் இது 2017 வாக்கில் வெளியே வந்தது. பல ஆயிரம் பேர் கூடிய ஊர்வலத்தைவிட அந்த இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது அரசைக் கூச வைத்தது என்பது என் கணிப்பு.

நகரத்து இளைஞர்கள் வடக்கே வந்தது 2017 ஜனவரியில். அந்த மாதத்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும். பொங்கலையொட்டி டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ எண்ணூரில் படமாகி இணையத்தில் வந்தது. வரிகள் கபேர் வாசுகி. பின்னணியில் சாம்பலும் புகைபோக்கியும். அதே வாரத்தில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் கூடினார்கள். 23-ஆம் தேதி போலீஸ் விரட்டியடித்தபோது அவர்களுக்கு அரணாக நின்றவர்கள் கரையோர மீனவக் குப்பத்து மக்கள். அதற்கு விலையாக நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது. ஐந்து நாள் கழித்து, 28-ஆம் தேதி, காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கசடை வாளியில் அள்ளப் போனவர்களில் பலர் மெரினாவிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தவர்கள். நவீனக் கருவிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அரசு இயந்திரம், கடைசியில் கல்லூரிப் பையன்களின் கையையும் பிளாஸ்டிக் வாளியையும் நம்பியது. அந்த வாளிகள்தான் வடசென்னையில் இளைஞர் சூழலியலின் தொடக்கம் என்று சொல்வேன். அக்டோபரில் கமல்ஹாசன் கழிமுகத்துக்கு வந்து சாம்பலைப் பார்த்துவிட்டுப் போனதும் செய்தியானது. ஆனால் ஒரு நடிகரின் வருகை நின்ற நாளைவிட வாளி தூக்கியவர்களின் நினைவு நீண்ட நாள் நின்றது.

‘காலநிலை’ என்ற அடையாளம் அதற்குப் பிறகு வந்தது. 2018-இல் சுவீடனில் கிரெட்டா துன்பர்க் தொடங்கிய பள்ளிப் புறக்கணிப்பு 2019 செப்டம்பரில் உலகப் போராட்டமானபோது சென்னையிலும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சென்னை காலநிலைச் செயல்பாட்டுக் குழு போன்ற அமைப்புகள் அந்தக் காலத்தில் உருவானவை. இவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த, தென்சென்னையிலும் புறநகரிலும் வளர்ந்த பிள்ளைகள். அது குறை இல்லை. ஆனால் மறைக்கவும் வேண்டியதில்லை. பனிப்பாறை உருகுவதைப் பற்றிப் பேச வந்தவர்களைக் குப்பத்துப் பெரியவர்கள் ஆற்றுக்குக் கூட்டிப்போய்ச் சேற்றைக் காட்டினார்கள். கார்பன் கணக்கு தெரிந்தவர்களுக்கு, மீன்பிடி இடத்தை முறைவைத்துப் பகிரும் பாடு என்றால் என்ன, முகத்துவாரம் அடைத்தால் என்ன ஆகும் என்று அங்கேதான் தெரிந்தது. எண்ணூரைப் பற்றி இளைஞர்கள் எழுதியதிலும் எடுத்த படங்களிலும் நல்லவை எல்லாம் இந்தப் பாடத்துக்குப் பிறகு வந்தவை. கழிமுகம் தூர்ந்தால் 2015-ஐப் போல இன்னொரு வெள்ளம் வடிய வழியிருக்காது என்ற எளிய வாதம், புவி வெப்ப உயர்வுக்கு வரம்பாகச் சொல்லப்படும் ஒன்றரை டிகிரி என்ற எண்ணைவிட இங்கே தூரம் போனது. நகரத்தில் தங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் நின்றதை மறக்காத மக்களுக்கு அது சொல்லாமலே புரிந்தது.

2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளைத் தளர்த்தும் வரைவு வந்தது. ஊரடங்கு காலம், வெளியே வர முடியாது. தமிழில் சுருக்கம் எழுதி வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள், மின்னஞ்சல்களை அனுப்பிக் குவித்தார்கள். ஜூலையில் ‘ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர்’ இந்தியக் கிளையின் இணையதளம் முடக்கப்பட்டது; சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தைக் காட்டி வந்த நோட்டீஸ் தவறுதலாக அனுப்பியது என்று பிறகு திரும்பப் பெறப்பட்டது. 2021 பிப்ரவரியில் பெங்களூருவின் திஷா ரவி, 22 வயது, விவசாயிகள் போராட்டம் தொடர்பான ஓர் இணைய ஆவணத்துக்காகக் கைதாகிப் பத்து நாளில் ஜாமீனில் வந்தார். அதே ஆண்டு நவம்பரில் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், கரியில்லாமல் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்ததற்காகக் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடையில் பேசினார். நாடே பாராட்டியது, தகும். இஸ்திரிப் பெட்டியின் கரியைக் கேள்வி கேட்கும் பிள்ளைக்குக் கைதட்டல், மின்நிலையத்தின் கரியைக் கேட்கும் பிள்ளைக்கு நோட்டீஸ். நம் அரசுகளுக்கு இளைஞர்களின் கண்டுபிடிப்பு பிடிக்கும், கேள்வி பிடிக்காது.

காட்டுப்பள்ளி விவகாரம் இந்தத் தலைமுறையின் பெரிய களம். லார்சன் அண்ட் டூப்ரோவிடமிருந்து 2018-இல் அதானி குழுமம் வாங்கிய 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம். அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலை மேடாக்கிப் பெறுவது. 2021 ஜனவரி 22-இல் நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்பாகப் பழவேற்காடு மீனவர்களும் சென்னை இளைஞர்களும் ஒரே குரலில் பேசினார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கார்மைக்கேல் சுரங்கத்துக்கு எதிராக இயங்கிய இளைஞர்களின் முழக்கத்தை இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். எதிரே நின்றது ஒரே குழுமம். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-இல் மீண்டும் அறிவிக்கப்பட்டு மீண்டும் தள்ளிப்போனது. இதை வெற்றி என்று கொண்டாடியவர்கள் உண்டு. தள்ளிவைப்பது வேறு, கைவிடுவது வேறு. தேதி குறிக்காமல் ஒத்திப்போடப்பட்ட திட்டம், போராடியவர்கள் படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு திரும்ப வரும். இளைஞர் இயக்கங்களின் ஆயுள் மூன்று நான்கு ஆண்டு. மின்நிலையத்தின் ஆயுள் நாற்பது. இந்தக் கணக்கு அரசுக்கு நன்றாகத் தெரியும்.

2023 டிசம்பர் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டியது. மிக்ஜாம் புயல் மழையில் மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் என எல்லாவற்றிலும் கருப்பு. எண்ணெய் அள்ளும் வேலை முடியும் முன்பே, 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனை போனார்கள். மறுநாளிலிருந்து முப்பத்துமூன்று கிராமத்து மக்கள் அந்த உர ஆலையை மூடச் சொல்லி உட்கார்ந்தார்கள், முன்வரிசையில் பெண்கள். இம்முறை நகரத்து இளைஞர்கள் தலைமை தாங்கவில்லை, துணைக்கு வந்தார்கள். வீடியோ எடுத்ததும் செய்தியாளருக்கு இடம் காட்டியதும் ஊர்ப் பையன்கள். அந்தப் போராட்டத்தில் காலநிலை பற்றிப் பேச்சு அதிகமில்லை. ஆனால் மழை, வெள்ளம், எண்ணெய், வாயு எல்லாம் ஒரே மாதத்தில் ஒரே ஊரின் மேல் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

உலகத்தில் இதற்கு ஒப்பிடத்தக்க கரையோரக் கரி ஊர் ஆஸ்திரேலியாவின் நியூகாசில். உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம். ஆண்டுக்கு ஏறத்தாழ 14 கோடி டன். 2014-இல் பசிபிக் தீவு இளைஞர்கள் தங்கள் மரபுப் படகுகளில் வந்து அங்கே கரிக் கப்பலை மறித்தார்கள். 2023 நவம்பரில் ‘ரைசிங் டைட்’ அமைப்பு சிறுபடகுகளில் முப்பது மணி நேரம் கால்வாயை மறித்தது. அனுமதித்த நேரம் கடந்தும் தண்ணீரைவிட்டு ஏறாத 109 பேர் கைதானார்கள், அவர்களில் 97 வயதுப் பாதிரியாரும் ஒருவர். மறு ஆண்டு 170 பேர். அவர்களின் துணிச்சலைப் பார்த்து நம்மவர்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்பது நியாயமாகாது. அங்கே கைதான மாணவர் பெரும்பாலும் அபராதத்தோடு திரும்புவார். இங்கே ஒரு முதல் தகவல் அறிக்கை பாஸ்போர்ட்டையும் அரசு வேலையையும் முடக்கிப் போடும். குப்பத்துப் பையனுக்குக் கேட் பாஸும் போகும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தில் 13 பேர் சுடப்பட்டு இறந்ததை இங்கே எந்தத் தாயும் மறக்கவில்லை. அதனால்தான் எண்ணூரின் இளைஞர்கள் படகை மறிப்பதைவிட மனுவையும் வரைபடத்தையும் அளவுக் கருவியையும் தேர்ந்தெடுத்தார்கள். மின்நிலையங்களின் சொந்தப் புகைபோக்கிக் கணக்கைத் தகவல் உரிமையில் வாங்கி, 2015 டிசம்பரில் அரசே வகுத்த வரம்போடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். அந்த வரம்பை நிறைவேற்றும் கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே வேண்டாம் என்று விலக்கு தரப்பட்டது தனிக் கதை.

நியூகாசிலிடமிருந்து கற்க வேண்டியது மறியல் அல்ல, வேறொன்று. அங்கே தொழிற்சங்கங்களும் சூழல் அமைப்புகளும் 2020-இல் ‘ஹண்டர் ஜாப்ஸ் அலையன்ஸ்’ என்ற கூட்டணியாகச் சேர்ந்து, சுரங்கம் மூடினால் தொழிலாளி எங்கே போவான் என்பதைப் பேசத் தொடங்கின. எண்ணூரில் அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை. மின்வாரிய நிரந்தர ஊழியருக்கு மாற்றல் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன உண்டு? நம் காலநிலை இளைஞர்களின் அறிக்கைகளில் மீனவர் வருகிறார், பறவை வருகிறது, அலையாத்திக் காடு வருகிறது. சாம்பல் லாரி ஓட்டுநர் வருவதில்லை. இது பெரிய குறை. அந்த ஓட்டுநரும் இருபத்தைந்து வயதுக்காரர்தான், பெரும்பாலும் அதே குப்பத்துக்காரர்.

நீதிமன்ற வழியும் அரைகுறைதான். உத்தராகண்டின் ஒன்பது வயது ரிதிமா பாண்டே 2017-இல் பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடுத்த காலநிலை வழக்கு 2019-இல் தள்ளுபடியானது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது அரசியல் சாசன உரிமை என்று சொன்னது. கானமயில் என்ற அழியும் பறவைக்கான பாதுகாப்பைத் தளர்த்தி, சூரிய மின்கம்பிகளுக்கு வழிவிட்ட தீர்ப்பில் அது சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உரிமை கையில் இருக்கிறது. அதை எண்ணூருக்காக எடுத்துப் போகும் வழக்குதான் வர வேண்டும்.

இன்னொரு கேள்வியை இளைஞர்கள் தட்டிக்கழிக்கிறார்கள். 2024 மே 2-இல் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் இரவு பத்து மணிக்குச் சூரியன் இருக்காது, காற்றுக் காலம் பிறக்க நாளாகும். அந்த நேரத்தில் எது ஓடும்? காற்றாலையில் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் மாநிலம் சேமிப்புக்கும் மின்கடத்திக்கும் எவ்வளவு செலவிட வேண்டும், ஏழை வீட்டுக் கட்டணம் ஏறாமல் அதை எப்படிச் செய்வது என்ற கணக்கைப் போராட்டக்காரர்களே போட்டுக் காட்டினால் அமைச்சர்களுக்குப் பதில் சொல்லச் சிரமமாக இருக்கும். இப்போது அவர்கள் ‘மின்சாரம் வேண்டாமா’ என்று ஒரே கேள்வியில் வாயடைக்கிறார்கள்.

மொத்தத்தில் வரவு செலவு என்ன? வரைபடம் மீட்கப்பட்டது. சாம்பலுக்குப் பொறுப்பு நிர்ணயமானது. ஒரு துறைமுக விரிவாக்கம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. எண்ணூர் என்றால் எங்கே என்று தெரியாத நகரத்துக்கு அது தெரிந்தது. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுப் போராட்டத்தில் ஒரு கரி அலகுகூடப் போராட்டத்தால் மூடப்படவில்லை. 1970-இல் ஓடத் தொடங்கிய 450 மெகாவாட் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31-இல் மூடப்பட்டது உண்மை. அது வயதாகித் தளர்ந்ததால் நின்றது. அந்த வளாகத்திலேயே 660 மெகாவாட் புதிய அலகு கட்டத் தொடங்கி, ஒப்பந்த நிறுவனம் நொடித்துப் பாதியில் நின்று, இப்போது அதைத் திரும்ப எழுப்பப் பார்க்கிறார்கள். 2024 டிசம்பர் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் எழுந்து எதிர்த்துப் பேசியது இந்தத் திட்டத்தைத்தான்.

என் தீர்மானம் இது: இளைஞர்கள் தங்கள் முழுப் பலத்தையும் இந்த ஒரு 660 மெகாவாட்டின் மேல் வைக்க வேண்டும். இது வேண்டாம் என்பதோடு, அந்த வளாகத்தில் என்ன வர வேண்டும், அதில் இப்போதைய ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். குப்பத்துப் பையனும் கேட் பாஸ் பையனும் ஒரே மனுவில் கையெழுத்திடும் நாளில்தான் அரசு அதைப் படிக்கும்.

சென்னைவாசிகளுக்கும் இதில் வேலை உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கருத்து அனுப்பலாம். அடுத்த முறை எண்ணூரின் பெயர் அந்த அறிவிப்பில் வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடாமல், அந்த மின்சாரத்தைச் செலவழிக்கிறவர் என்ற முறையில் ஒரு கடிதமாவது எழுதுங்கள்.